டைவ் லைட்: பேட்டரியைப் பார்த்து வாங்குவது, கையோடு கொண்டுபோவது

விமானம் ஏறிப் போய்க் கடலுக்கடியில் டைவ் செய்பவர் லைட் வாங்கும்போது லூமெனுக்கு (ஒளியின் அளவுக்கு) முன்னால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். விமான நிலையச் சோதனையில் பேட்டரியை எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்றால், எவ்வளவு விலை கொடுத்த லைட்டானாலும் கையில் மிஞ்சுவது ஓர் அலுமினியக் குழாய் மட்டுமே. பெட்டியைத் திறக்கும் முன்பே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பேட்டரி தனியாகக் கழன்று வருமா? ஒரு பேட்டரியின் ஆற்றல் 100 வாட்-மணிக்குள் இருக்கிறதா? அந்த எண் பேட்டரியின் மேலேயே அச்சாகியிருக்கிறதா? இதில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் அடுத்த லைட்டைப் பாருங்கள். உள்ளேயே பேட்டரியை வைத்து மூடிய லைட்டுகள் உள்ளூர் டைவுக்குப் போதும். பறப்பவருக்கு அவை தொல்லை.

வாட்-மணிக் கணக்கு

வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். பேட்டரியில் மில்லி ஆம்பியர்-மணி போட்டிருந்தால் முதலில் 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் அயான் செல்லின் பெயரளவு வோல்ட் 3.6 அல்லது 3.7. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டுமே என்று அதைப் போட்டுப் பெருக்கக் கூடாது.

3.6 வோல்ட் என்று கொண்டால், 3.5 ஆம்பியர்-மணி உள்ள ஒரு 18650 செல் (18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள உருளை) 12.6 வாட்-மணி. 5 ஆம்பியர்-மணி உள்ள, சற்றே பெரிய 21700 செல் 18 வாட்-மணி. கையடக்க டார்ச்சுகள் பெரும்பாலும் இந்த அளவோடு முடிந்துவிடும். அவற்றுக்கு 100 என்ற எல்லை வெகு தூரம். சிக்கல் வீடியோ லைட்டிலும், இடுப்பில் பேட்டரிக் குப்பியும் கையில் லைட் தலையுமாக வரும் கேனிஸ்டர் லைட்டிலும்தான். 3.5 ஆம்பியர்-மணி 18650 செல்கள் எட்டைச் சேர்த்துக் கட்டிய பேக் 100.8 வாட்-மணி ஆகி எல்லையைத் தாண்டுகிறது. அதே எட்டை 3.4 ஆம்பியர்-மணி செல்லில் கட்டினால் 97.9-இல் நிற்கும். இரண்டுக்கும் தண்ணீருக்குள் தெரியும் வித்தியாசம் ஒன்றிரண்டு நிமிடம். கவுன்ட்டரில் அதுவே அனுமதிக் கடிதம் வேண்டுமா வேண்டாமா என்ற வித்தியாசம்.

பன்னாட்டு விமானப் போக்குவரத்தில் பொதுவாக நடைமுறையில் உள்ள விதி இது. 100 வாட்-மணி வரையிலான லித்தியம் அயான் பேட்டரிக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100-க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. உதிரியாக இரண்டு மட்டுமே கொண்டுபோகலாம். 160-ஐத் தாண்டியதைப் பயணி கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. உதிரி பேட்டரி எதுவானாலும் கேபினுக்குள் வரும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் ஒன்றுகூடக் கூடாது. லைட்டிலிருந்து கழற்றிய பேட்டரியும் அந்த நிமிடமே உதிரிக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறுபடி சார்ஜ் ஏற்றாத லித்தியம் பேட்டரிகளுக்கு அளவு வேறு: ஒன்றில் உள்ள லித்தியம் உலோகம் 2 கிராமைத் தாண்டக் கூடாது. சிறிய பேக்கப் லைட்டுகளில் போடும் சிஆர்123ஏ இதற்குள் தாராளமாக அடங்கும்.

தண்ணீருக்கடியில் பயன்படும் அதிக ஒளி விளக்குகளை விதிகள் தனியாகவே குறிப்பிடுகின்றன. தவறுதலாக எரிந்தால் பக்கத்தில் உள்ளதைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகக்கூடியவை என்பதால், பேட்டரியையோ சூடாகும் பாகத்தையோ பிரித்துத்தான் கொண்டுபோக வேண்டும். பன்னாட்டு விதிப்படி இவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதலும் தேவை. ஹாலஜன் பல்பு காலத்தோடு முடிந்துபோன பயம் என்று இதை ஒதுக்க வேண்டாம். 3000 லூமென் எல்இடி லைட்டும் குளிர்வதற்குத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது. துணிகளுக்கு நடுவே எரிந்தால் அந்த வெப்பம் போக வழியில்லை.

பேட்டரியை ஏன் கேபினில் வைக்கச் சொல்கிறார்கள் என்பது தெரிந்திருந்தால் கவுன்ட்டரில் வாக்குவாதம் செய்யத் தோன்றாது. லித்தியம் செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அதன் சூடே அடுத்த செல்லையும் பற்றவைக்கும். சரக்கறையில் உள்ள தீயணைப்பு வாயு சுவாலையை அடக்குமே தவிர, செல்லுக்குள் ஓடும் இந்த வினையை நிறுத்தாது. கேபினில் நடந்தால் புகை உடனே கண்ணில் படும், ஊழியர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்த யூபிஎஸ் சரக்கு விமானத்தில் தீ தொடங்கியது லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில்தான். விமானிகள் இருவரும் இறந்தார்கள்.

எந்த வேலைக்கு எந்த ஒளி

ஒரே லைட் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரவு டைவுக்கும், பாறைப் பொந்துக்குள் எட்டிப் பார்ப்பதற்கும், கூட்டாளிக்கு சிக்னல் கொடுப்பதற்கும் குறுகிய கற்றை வேண்டும்: 6 முதல் 12 டிகிரி. கலங்கிய நீரில் இதன் அருமை தெரியும். அகன்ற ஒளி முன்னால் மிதக்கும் துகள்களையெல்லாம் ஒளிரவைத்து, பனிமூட்டத்தில் ஹெட்லைட் போட்டது போல் ஆக்கிவிடும். குறுகிய கற்றை அவற்றின் நடுவே துளைத்துக்கொண்டு போகும். வீடியோவுக்கோ நேர் எதிர்: 100 டிகிரியும் அதற்கு மேலும், நடுவில் பளிச்சென்ற புள்ளி இல்லாமல் சீராகப் பரவ வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் கோணம் காற்றில் அளந்ததா, நீரில் அளந்ததா என்று கேளுங்கள். தட்டைக் கண்ணாடி வழியாக நீருக்குள் போகும் ஒளி வளைந்து குறுகுகிறது. காற்றில் 10 டிகிரி நீரில் சுமார் 7.5 ஆகும். காற்றில் 120 டிகிரி இருந்தது நீரில் 81 அளவில்தான் நிற்கும். அகலக் கோண லென்ஸ் வைத்திருப்பவர் படத்தின் மூலைகள் இருட்டாக வருகின்றன என்று கேமராவைச் சந்தேகிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முகப்புக் கண்ணாடி குமிழ் வடிவில் இருந்தால் இந்த இழப்பு குறையும்.

வீடியோவுக்கு வாங்குபவர்கள் லூமெனோடு சிஆர்ஐ எண்ணையும் (அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு) பார்க்க வேண்டும். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டர் ஆழத்திலேயே அது பெரும்பகுதி போய்விடும். லைட்டின் ஒளியிலேயே சிவப்பு குறைவாக இருந்தால் பவளம் சாம்பலாகத்தான் தெரியும். சிஆர்ஐ 90-க்கு மேலும், நிற வெப்பம் 5000 முதல் 5600 கெல்வின் வரையும் இருந்தால் நன்று. வெறுமனே வழி பார்க்கும் டார்ச்சுக்கு இதற்காகக் கூடுதல் செலவு செய்ய வேண்டாம்.

லூமென் பொய்யைக் கண்டுபிடிப்பது

கைக்கணக்கே போதும். நல்ல எல்இடி லைட் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமெனை வெளியே தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 லூமெனுக்கு 10 வாட். ஒரு 18650-இல் 12.6 வாட்-மணி இருக்கிறது. சுற்றில் விரயமாவதைக் கழித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும். அதாவது ஒரு டைவ். இது நம்பக்கூடிய லைட்.

ஒற்றை 18650 போட்டு 5000 லூமென் என்று எழுதியிருந்தால்? 50 வாட் வேண்டும். 3.6 வோல்ட்டில் அது 14 ஆம்பியர். அதிகக் கொள்ளளவு உள்ள 18650 செல்கள் தொடர்ச்சியாகத் தரக்கூடியது பெரும்பாலும் 8 முதல் 10 ஆம்பியர். செல்லே தர முடியாத மின்சாரத்தில் அந்த லைட் எப்படி எரியும்? 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்த 18650 செல்லும் இதே ரகம். அந்த அளவுக் குழாயில் நம்பகமான தயாரிப்பாளர்கள் தருவது 3500-ஐ ஒட்டியே. தராசில் வைத்தால் இன்னும் சுலபம்: உண்மையான செல் 45 கிராமை ஒட்டி நிற்கும், போலி கணிசமாக இலேசாக இருக்கும். போலி செல்லால் வரும் நஷ்டம் பணம் மட்டுமல்ல. அதை வைத்துக்கொண்டுதான் நூற்றுக்கணக்கானவர்களோடு விமானத்தில் உட்காரப் போகிறீர்கள்.

எரியும் நேரத்திலும் கவனம் வேண்டும். டார்ச்சுகளுக்கான எஃப்எல்1 அளவீட்டு முறையில், தொடக்க ஒளி 10 சதவீதமாகக் குறையும் வரை உள்ள நேரம் மொத்தமும் "எரியும் நேரம்"தான். மூன்று மணி நேரம் என்று போட்ட லைட் 40 நிமிடம் முழு வெளிச்சம் தந்துவிட்டு மீதி நேரம் மினுக்கிக்கொண்டிருந்தாலும் அந்த எண் பொய்யாகாது. நேரத்துக்கு எதிராக ஒளி எப்படிக் குறைகிறது என்ற வரைபடத்தைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால், வாங்கியதும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஓடவிட்டு நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். சூட்டைக் குறைக்க லைட் தானாகவே மங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஐபிஎக்ஸ்8 என்ற நீர்த்தடுப்பு முத்திரையைப் பார்த்து டைவ் லைட் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மீட்டருக்கு மேல் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கு அப்பால் அந்தக் குறியீட்டில் நிலையான ஆழம் எதுவும் இல்லை. தயாரிப்பாளர் சொல்வதுதான் ஆழம். 100 மீட்டர் போன்ற ஆழ அளவு வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

சுவிட்ச், ஓ-ரிங்

தலையைத் திருகி எரியவைக்கும் வகை எளிமையானது, பழுது குறைவு. ஆனால் ஒவ்வொரு முறை திருகும்போதும், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உராய்கிறது. தவிர, அணைத்துவிட்டோம் என்று கொஞ்சம் மட்டும் திருப்பி விட்டால் ஆழத்தில் அழுத்தம் தலையை உள்ளே தள்ளித் தானாக எரியலாம். முழுச் சுற்று தளர்த்தினாலோ தண்ணீர் உள்ளே வரும். காந்தச் சறுக்கு சுவிட்சில் உடலைத் துளைக்கும் வழியே இல்லாததால் கசிவு குறைவு. மணல் சிக்கினால் மட்டும் இறுகும், தண்ணீரில் கழுவினால் சரியாகும். காம்பஸுக்கு அருகே லைட் பிடித்த கையைக் கொண்டுபோனால் முள் திரும்பிவிடும் என்பதை ஞாபகம் வையுங்கள். அழுத்தும் பொத்தான் கையுறையோடும் வேலை செய்யும். பைக்குள் தானாக அழுந்துவதும் அதுவேதான். பூட்டு வசதி இல்லாத பொத்தான் லைட்டைப் பறப்பவர் வாங்க வேண்டாம்.

இரட்டை ஓ-ரிங் உள்ளதையே எடுங்கள், கூடவே இரண்டு உதிரி ஓ-ரிங்கும். நைட்ரைல் ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் பொருந்தும். ஓ-ரிங்கே சிலிகானாக இருந்தால் சாதாரண சிலிகான் கிரீஸ் அதை உப்பவைக்கும்; தயாரிப்பாளர் தரும் கிரீஸை மட்டும் போடுங்கள். கிரீஸ் கசிவை அடைப்பதற்கானது அல்ல, ஓ-ரிங் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காருவதற்கானது. விரல் நுனியில் எடுத்து இழுத்தால் ஓ-ரிங் பளபளப்பாகத் தெரிந்தால் போதும், கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அதிகம். அதிகமாகப் பூசிய இடத்தில் தலைமுடியும் மணலும் ஒட்டும். ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தால் போதும், தண்ணீர் அதன் வழியே ஏறிவிடும். ஓ-ரிங்கைக் கழற்ற ஊசியோ கத்தி முனையோ வேண்டாம். இரண்டு விரலால் பிதுக்கினால் ஒரு வளையம் எழும்பும், அதைப் பிடித்து உருட்டி எடுக்கலாம்.

பறப்பதற்கு முன்

ஒரு வாரம் முன்பே விமான நிறுவனத்தின் பேட்டரி விதிகளைப் படியுங்கள். பயணத்தில் இரண்டு நிறுவனங்கள் வந்தால் இரண்டில் கடுமையானது எதுவோ அதையே கடைப்பிடியுங்கள். 100-க்கு மேற்பட்ட பேக் இருந்தால் மின்னஞ்சலில் பேட்டரியின் வோல்ட், ஆம்பியர்-மணி, வாட்-மணி, எண்ணிக்கை, எந்தச் சாதனத்துக்கு என்று எழுதிக் கேளுங்கள். பதிலை அச்செடுத்துக் கையில் வையுங்கள்; வாசலில் நிற்கும் ஊழியருக்கு அந்த மின்னஞ்சல் தெரிந்திருக்காது.

பேட்டரி லேபிளில் வாட்-மணி அழிந்திருந்தால் பயனர் கையேட்டின் அந்தப் பக்கத்தையும், யூஎன் 38.3 (லித்தியம் பேட்டரியை ஏற்றிச்செல்வதற்கான பாதுகாப்புச் சோதனை) சான்று இருந்தால் அதையும் அச்செடுத்து எடுத்துச் செல்லலாம். ஆனாலும் லேபிள் இல்லாத பேட்டரியை நிறுத்திவைக்கும் உரிமை சோதனை அதிகாரிக்கு உண்டு. லேபிள் உரியத் தொடங்கும்போதே அதன் மேல் ஒட்டும் நாடா ஒட்டிக் காப்பாற்றுவது நல்லது. அடிக்கடி கழற்றி மாட்டும் பேக்குகளில் லேபிள் உரிவது சகஜம்.

பெட்டி கட்டும்போது லைட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு செல்லும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைக்குள். உறை இல்லாவிட்டால் இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனித்தனிச் சிறு பையில் போடுங்கள். சாவி, சில்லறை, பித்தளை போல்ட் ஸ்னாப் (டைவ் சாமான்களை மாட்டும் கொக்கி) கிடக்கும் பையில் வெறும் செல்லைப் போட்டால் அரை நொடியில் ஷார்ட் ஆகும். சார்ஜ் பாதியளவு இருந்தால் போதும், முழுதாக ஏற்றிக்கொண்டு பறக்க அவசியமில்லை. அடிபட்ட, உப்பிய, ஒருமுறை கடல் நீர் புகுந்த பேட்டரியை எந்தப் பையிலும் வைக்கக் கூடாது. அப்படிப்பட்டவை விமானத்தில் முற்றிலும் தடை.

பேட்டரி எடுத்த லைட்டை இறுக்கி மூட வேண்டாம், ஓரிரு புரி மட்டும் மாட்டி விடுங்கள். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் முக்கால் பங்கு வரை இறங்கும். டைவ் லைட் வெளியிலிருந்து உள்ளே அமுக்கும் விசைக்காகக் கட்டப்பட்டது. தரையில் இறுக்கி மூடியது மேலே போனால் உள்ளிருந்து வெளியே தள்ளும். முகப்புக் கண்ணாடியின் ஓ-ரிங் இடம் பெயரலாம். தவறிப்போய் பறக்கும்போது மூடிவிட்டால் இறங்கிய பிறகு திறப்பது கடினமாகலாம்.

பேட்டரி கழற்ற முடியாத லைட் ஏற்கெனவே கையில் இருக்கிறதா? சுவிட்ச் பூட்டைப் போட்டுவிட்டு, பொத்தானை அழுத்திப் பார்த்து எரியவில்லை என்று உறுதி செய்து, நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக் கைப்பையில் வையுங்கள்.

விமான நிலையத்தில்

லைட், பேட்டரி, சார்ஜர் மூன்றையும் ஒரே தெளிவான பையில் போட்டு, கைப்பையின் மேல்பகுதியில் வைத்தால் லேப்டாப்பைப் போலத் தனித் தட்டில் எடுத்து வைக்க முடியும். எக்ஸ்ரே திரையில் டைவ் லைட் என்பது கம்பிகளோடு கூடிய தடித்த உலோகக் குழாய். கேனிஸ்டர் என்றால் இன்னும் மோசம். அவர்கள் நிறுத்திக் கேட்பது நியாயமே. பேட்டரி போட்டு ஒரு நொடி எரியவிட்டுக் காட்டத் தயாராக இருங்கள், ஒளியைச் சுவர் பக்கம் திருப்பி. அதன் பிறகு பேட்டரியைக் கழற்றி உறையில் போட மறக்கக் கூடாது. டைவ் கத்தியும் வெட்டும் கருவியும் செக்-இன் பெட்டியில்தான்.

பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் விமானத்தின் வாசல். இடமில்லை என்று கைப்பையை வாங்கிக் கீழே போடுகிறார்கள். தீவுகளுக்குப் போகும் சிறிய விமானங்களில் இது வாடிக்கை. அந்தப் பையில்தான் உங்கள் பேட்டரிகள் எல்லாம் இருக்கும். அதனால்தான் அவற்றை ஒரே சிறு பையில் வைக்கச் சொல்வது: உருவி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிவிடலாம்.

பறக்கும்போது பேட்டரி இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை நகர்த்தித் தேடாமல் ஊழியரைக் கூப்பிடுங்கள். நசுங்கிய செல் தீப்பிடிக்கும்.

போய் இறங்கியதும்

குளிரூட்டிய உலர்ந்த அறையில் ஓ-ரிங்கைப் பார்த்துத் துடைத்து, பேட்டரி போட்டு மூடுங்கள். ஈரக் காற்றோடு மூடினால் குளிர்ந்த நீரில் கண்ணாடிக்குள் பனி படியும். கழுவும் தொட்டியில் சில நிமிடம் மூழ்கவைத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஆழத்தில் கசியாது என்பதற்கு இது சான்றல்ல. ஓ-ரிங்கை மாட்டவே மறந்துவிட்ட பிழை மட்டும் இதில் பிடிபடும்.

சார்ஜர் 100-240 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். கட்டில், துணி, இருக்கைத் திண்டு மேல் வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். கடினமான தரை, ஆள் விழித்திருக்கும் நேரம். படகில் இது இன்னும் முக்கியம். 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியா கரையருகே கன்செப்ஷன் என்ற டைவ் படகு அதிகாலையில் எரிந்து 34 பேர் இறந்தார்கள். தீயின் தொடக்கத்தை விசாரணையால் உறுதி செய்ய முடியவில்லை. இரவு ரோந்து இல்லாததால் தீ கவனிக்கப்படாமல் பரவியது என்பது உறுதியானது. படகுக்காரர்கள் இரவில் சார்ஜ் போட விடவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் கழற்றி வையுங்கள்.

இரவு டைவுக்கு ஆளுக்கு இரண்டு லைட். குகைக்குள் என்றால் மூன்று. பேக்கப் சிறியதாக, ஒரே சுவிட்ச் நிலையோடு, தோள் வாரில் போல்ட் ஸ்னாப்பில் தொங்கட்டும். பிரதான லைட்டின் அதே வகை செல்லையே பேக்கப்பும் எடுத்துக்கொண்டால் ஒரே சார்ஜரும் ஒரே வகை உதிரியும் போதும், பையின் எடையும் குறையும்.

லைட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். உப்பு நீரில் மூழ்கிய பேட்டரி வாயுவை உண்டாக்கும். மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். முகத்துக்கும் அடுத்தவருக்கும் எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பிடித்து, மெல்ல, புரி புரியாகத் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று வந்தால் நின்று, அடங்கிய பிறகு தொடருங்கள். லைட் தொடச் சூடாக இருந்தால் திறக்கவே வேண்டாம். திறந்த வெளியில், எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு விலகி, படகு ஊழியரிடமோ டைவ் சென்டரிடமோ சொல்லுங்கள். அந்தப் பேட்டரி காய்ந்த பிறகு வேலை செய்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. அங்கேயே பேட்டரி மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.

திரும்பும் பயணத்துக்கு முந்தைய நாளே லைட்டை நன்னீரில் ஊறவைத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். புரிகளிலும் மின்முனைகளிலும் உப்பு தங்கினால் வீடு போய்ச் சேர்வதற்குள் பச்சை பூத்துவிடும். வெளியே நன்றாகக் காய்ந்த பிறகு திறந்து, பேட்டரியை எடுத்து, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, வந்தபோது இருந்த அதே உறையில் போடுங்கள். எண்ணிப் பாருங்கள்: வரும்போது எத்தனை செல் இருந்ததோ அத்தனையும் கைப்பையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது பெரும்பாலும் செக்-இன் பெட்டியில், ஈர வெட்சூட்டின் பாக்கெட்டில் கிடக்கும்.